ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை: அரக்குச் சிவப்பும் 2.5கே திரையும்

சென்னை சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷனே அரசினர் தோட்டம். மேலே வந்து அண்ணா சாலையைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் போதும், வழி கேட்கவே வேண்டாம். "லேப்டாப்பா சார்? கேமராவா? சிசிடிவியா?" என்ற குரல்களே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்விடும். பத்தரை மணிக்கு முன்னால் போனால் பாதி ஷட்டர்கள் மூடித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போவது வீண்.

ரிச்சி ஸ்ட்ரீட் என்று ஊரே சொன்னாலும் அது ஒரே தெரு அல்ல. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக்கிடக்கும் சந்துகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு பெயர். இருப்பது சிந்தாதிரிப்பேட்டையில். 1734-ல் நெசவாளர்களைக் குடியமர்த்த ஆங்கிலேயக் கம்பெனி உருவாக்கிய பேட்டை இது. 'சின்னத் தறிப் பேட்டை'தான் இப்படி மருவியது என்பார்கள். தறிச் சத்தம் எப்போதோ ஓய்ந்துவிட்டது. ரேடியோ பாகங்கள் வந்தன, பிறகு டி.வி., பிறகு கம்ப்யூட்டர். இன்று ஒரு ஆள் மட்டுமே ஏறக்கூடிய மாடிப்படிகளுக்கு மேலேகூட நாலு லேப்டாப் கடைகள் இருக்கின்றன.

அப்படி ஒரு மாடிக் கடைக்குள்தான் அரக்கோணத்திலிருந்து வந்த ஓர் அம்மாவும் மகனும் நுழைந்தார்கள். அம்மா வீட்டிலேயே தையல் கடை வைத்திருப்பவர். கைப்பையில் 20 மாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணம், 85,000 ரூபாய். அதற்கு மேல் தனியாக 2,000. தையல் மிஷின் மோட்டாருக்கு. மகன் அனிமேஷன் படிக்கிறான். படிப்புக்குத்தான் கேமிங் லேப்டாப் என்று வீட்டில் சொல்லியிருந்தான். பாதி உண்மை.

அவன் முடிவு செய்துகொண்டே வந்திருந்தான். 16 அங்குலத்தில் 2.5கே திரை வேண்டும். அதாவது குறுக்கே 2560, நெடுக்கே 1600 புள்ளிகள். "இதான் மா லேட்டஸ்ட். பழைய ஃபுல் எச்டி எல்லாம் இப்போ யாரும் வாங்கறதில்ல."

கல்லாவில் இருந்தவர் அனுபவசாலி. மறுத்துப் பேசவில்லை. அவன் கேட்டதை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே ஃபுல் எச்டி திரையுள்ள இரண்டையும் வைத்தார். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே விலைக்குள். "தம்பி, திரையை மட்டும் பார்க்காதே. அந்தப் புள்ளிக்கெல்லாம் சோறு போடற ஆள் உள்ளே யாருன்னு பாரு" என்றார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஃபுல் எச்டி என்றால் 1920-க்கு 1080, மொத்தம் 20,73,600 புள்ளிகள். 2560-க்கு 1600 என்றால் 40,96,000. ஏறக்குறைய இரட்டிப்பு. கேம் ஓடும்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்குப் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கைப் போடுவது கிராபிக்ஸ் சிப். பையன் ஆசைப்பட்ட லேப்டாப்பில் இருந்தது ஆர்டிஎக்ஸ் 3050. மற்ற இரண்டிலும் அதைவிட வலுவான 4050. விலை ஒன்றாக இருக்க, திரைக்குக் கொடுத்த காசை சிப்பில் குறைத்திருந்தார்கள். சின்ன அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றிய கதை.

"அப்போ கேமை மட்டும் குறைஞ்ச ரெசல்யூஷன்ல வெச்சு ஆடறேனே?" என்று பையன் விடவில்லை. ஆடலாம். ஆனால் 1920 புள்ளிப் படத்தை 2560 புள்ளித் திரையில் விரித்தால், படத்தின் ஒரு புள்ளி திரையின் ஒன்றே கால் புள்ளிக்கும் கொஞ்சம் மேலே உட்கார வேண்டியிருக்கும். கால் புள்ளியை எங்கே வைப்பது? ஓரங்கள் மசமசவென்று தெரியும். சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும் டிஎல்எஸ்எஸ் போன்ற உத்திகள் உதவும்தான். எல்லா கேமிலும் அது இருக்காது.

எழுத்து வாசிக்கவும் கோடிங் செய்யவும் 2.5கே நிச்சயம் கண்ணுக்குச் சுகம். அதை மறுப்பதற்கில்லை. 16 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 189 புள்ளிகள் வரும்; 15.6 அங்குல ஃபுல் எச்டியில் 141 தான். ஆனால் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, பாய்ந்து ஓடும் காரைத் துரத்துகிறவனுக்கு அந்த நேர்த்தியைவிடப் படம் தடுக்காமல் ஓடுவதுதான் முக்கியம்.

சரி, 4050 உள்ள இரண்டில் மலிவானதே போதும் என்று பையன் இறங்கி வந்தபோதுதான் அதுவரை பேசாமல் இருந்த அம்மா வாயைத் திறந்தார்.

"ரெண்டுலயும் ஒரே புடவைப் படம் போட்டுக் காட்டுங்க. அரக்குச் சிவப்பு."

போட்டுக் காட்டினார்கள். ஒன்றில் அரக்கு அரக்காகவே இருந்தது. மலிவானதில் செங்கல் நிறம். "என்னப்பா இது, நாலு தண்ணி பட்ட துணி மாதிரி இருக்கு?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். மலிவானதின் விவரத்தாளில் பொடி எழுத்தில் '45 சதவீத என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்' என்று இருந்தது. காட்டக்கூடிய நிறங்களும் குறைவு, வெளிச்சமும் குறைவு. மற்றதில் '100 சதவீத எஸ்ஆர்ஜிபி'. புள்ளிகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடிப்பது அந்த எண்ணைத்தான். நிறத்தைப் பற்றி யாரும் பெரிதாக அச்சடிப்பதில்லை. அனிமேஷன் படிக்கிறவனுக்கு நிறம் தவறினால் செய்த வேலையே தவறிவிடும்.

இன்னொரு பொடி எழுத்தையும் கடைக்காரரே காட்டினார்: வாட். ஒரே 4050 சிப்பையே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வெவ்வேறு அளவில் ஓட விடுகிறார்கள். ஒல்லியான அழகு லேப்டாப்பில் அது மூச்சுத் திணறும். பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் பிறகு புலம்புவது இதனால்தான்.

நல்ல நிறம் காட்டியதன் விலை ஜிஎஸ்டியோடு 86,500. சீட்டுப் பணத்துக்கு மேல் 1,500. பையன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிஷின் மோட்டார் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும்.

"கூட என்ன தர்றீங்க?"

"பேக், மவுஸ், மவுஸ் பேட். எல்லாம் ஃப்ரீ அக்கா."

"எதுவும் வேண்டாம். பையை நான் தைச்சுக்கறேன். அந்தக் காசைக் குறைங்க."

ஃப்ரீ என்றால் காசு இல்லை என்று அவர் விளக்கிப் பார்த்தார். எடுபடவில்லை. கடைசியில் 900 குறைந்தது. பில் இல்லாமல் என்றால் இன்னும் குறையும் என்று சொல்லும் குரல்களும் அந்தத் தெருவில் உண்டு. அம்மா பில்லைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த சீரியல் நம்பரையும் லேப்டாப்பின் அடியில் இருந்ததையும் ஓர் எழுத்து விடாமல் ஒத்துப் பார்த்தார். பையன் திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று மாற்றி மாற்றி வைத்து, செத்த புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று தேடினான். இல்லை.

கீழே ஜூஸ் கடையில் ஆளுக்கொரு சாத்துக்குடி. மடியில் பெட்டியை வைத்திருந்த பையன், "மா, மோட்டார்?" என்றான்.

"இன்னும் ஒரு மாசம் காலால மிதிக்கறேன். நீ அந்தப் பெட்டியைக் கொடு, பைக்கு அளவு எடுக்கணும்" என்று கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார் அம்மா.