திரிசூலத்திலிருந்து நான்காவது நிறுத்தம்

விமான நிலைய வாசலில் பெயர் அட்டையோடு நான் நிற்பது இது பதினோராவது முறை. ஆனாலும் கதவு திறக்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் ஒரு படபடப்பு. யாரோ பெற்ற பிள்ளை, பதினேழு வயது. இத்தாலியிலிருந்து டெல்லி வந்து, அறிமுக முகாமை முடித்துவிட்டுச் சென்னைக்கு வருகிறாள். பத்து மாதம் சேலையூரில் ஒரு வீட்டில் மகளாக இருந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போகப்போகிறாள். அவளை அந்த வீட்டில் கொண்டுபோய் ஒப்படைப்பதுதான் தன்னார்வலர்களான எங்கள் வேலை.

இந்த வேலைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. முதல் உலகப் போரில், 1915-ல், பிரான்சில் காயம்பட்டவர்களை ஆம்புலன்சில் ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தன்னார்வலர்களின் அமைப்புதான் எங்கள் ஏஎஃப்எஸ். இரண்டாம் போரில் அதன் ஓட்டுநர்கள் நம் பர்மா எல்லைவரை வந்திருக்கிறார்கள். போர் ஓய்ந்ததும், 1947-ல், அவர்களே பள்ளி மாணவர்களை நாடுவிட்டு நாடு அனுப்பி வீடுகளில் தங்கவைக்கத் தொடங்கினார்கள். அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்த கைகள் அவை. அட்டையைப் பிடித்து நிற்கும்போது அவர்களை நினைத்துக்கொள்வேன்.

கார் அனுப்பட்டுமா என்று சேலையூர் வீட்டுக்காரர் கேட்டார். நான்தான் மின்சார ரயிலே போதும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டம் இருக்காது. "அக்கா, நீங்க பையைப் பிடிங்க, பெட்டிய நான் பாத்துக்கறேன்" என்று உடன் வந்த கல்லூரித் தம்பி சுரங்கப்பாதைப் படிகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். திரிசூலத்தில் ஏறினோம். பூக்கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டு ஒரு அம்மா நகர்ந்து உட்கார்ந்தார். "உக்காரு பாப்பா." கண்ணாடி ஏற்றிய காரில் இந்த இடம் அவளுக்குக் கிடைத்திருக்காது.

ஆரம்ப வருடங்களில் வழி முழுக்கப் பேசித் தீர்ப்பேன். பல்லாவரம் வந்தால் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கோடரி கண்டெடுத்த கதை, அடுத்த நிறுத்தத்துக்கு இன்னொரு கதை. ஒருமுறை ஒரு பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தாம்பரத்தில் இறங்கியதும் தூணில் சாய்ந்து அழுதான். இரண்டு நாளாக அவன் சரியாகத் தூங்கவில்லை என்பதை நான் கேட்கவே இல்லை. அன்றோடு என் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். தண்ணீர் பாட்டிலை நீட்டுவேன். கேட்டால் மட்டும் சொல்வேன்.

இவள் கேட்டாள். ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் குரோம் என்ற சொல் எதற்கு? குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலை தந்த பெயர் என்றேன். அடுத்த பலகையில் சானடோரியம் என்பதை வாய்விட்டுப் படித்தவள் முகம் மலர்ந்தது. அவள் மொழியில் அது சானடோரியோவாம். காசநோயாளிகளுக்காக டேவிட் சவுரிமுத்து என்ற மருத்துவர் 1928-ல் கட்டியது என்றேன். நான்காயிரம் மைல் தாண்டி வந்தவளுக்கு ஊரில் முதலில் பிடிபட்ட சொல் அது.

தாம்பரத்தில் கிழக்குப் பக்கம் இறங்கினோம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் இங்கே இடம் மாறியது. மறுவருடம் டிசம்பரில், சீனாவில் நடக்கவிருந்த உலக மிஷனரி மாநாடு அங்கே போர் மூண்டதால் இந்தக் கல்லூரிக்கு வந்தது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 400-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். புதர்க்காட்டு ஊரில் அத்தனை பேருக்கும் யார் வழிகாட்டியிருப்பார்கள், யார் பெட்டி தூக்கியிருப்பார்கள்? இந்தப் பக்கம் இறங்கும்போதெல்லாம் இது தோன்றும்.

ஆட்டோவில் சேலையூர். வாசலில் கோலம். செருப்புகள் வெளியே கிடப்பதைப் பார்த்து அவளே ஷூவைக் கழற்றினாள். அந்த வீட்டு அம்மா, "வாம்மா, கை கால் கழுவிட்டு மொதல்ல சாப்பிடு" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். மோர்க்குழம்பு வாசனை வந்தது.

இன்னும் ஒரு காரியம் பாக்கி. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டார் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து அவள் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தார் அந்த வீட்டு அப்பா. இந்திய முகவரி என்று கேட்ட கட்டத்தில் மட்டும் எதையும் பார்க்காமல் தன் வீட்டுக் கதவு எண்ணை அடித்தார்.