லக் ஜாயேகா

முசௌரி மலைச்சாலையின் பாதி ஏற்றத்தில் அந்த மாருதி 800இன் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியதை, ஓட்டிக்கொண்டிருந்தவர் கவனிக்கவில்லை. ரேடியேட்டர் குழாய் வெடித்துக் கிளம்பிய ஆவியை மூடுபனி என்றே முதலில் எண்ணினார். பின்னிருக்கையில் திருத்தவேண்டிய விடைத்தாள்க் கட்டுகள். பக்கத்து இருக்கையில், நடை தளர்ந்துவிட்ட தந்தை. "வண்டியை நிறுத்து" என்று தந்தை சொல்லி முடிப்பதற்குள் இன்ஜின் தானே நின்றுவிட்டது.

தேராதூனில் ஹெட்டைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், நடு சிலிண்டரின் சுவரில் விரிசலைக் காட்டினார். ஹெட் லேசாக வளைந்திருக்கிறது, லேத்தில் சீவினால் சமமாகிவிடும். பிளாக் மட்டும் இனி உதவாது. வேறு இன்ஜின் தேட வேண்டும், இல்லையேல் வண்டியை எடைக்குப் போட வேண்டும்.

அவர் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். எடுத்த வகுப்புகளுக்கு மட்டும் ஊதியம். கோடை விடுமுறையில் அதுவும் இல்லை. புதிய கார் என்னும் பேச்சுக்கே இடமில்லை. ஆயினும் கணக்கு முழுவதும் பணம் பற்றியதன்று. தந்தை சர்வே ஆஃப் இந்தியாவில் பணியாற்றி, ஓய்வு பெற்ற 1999ஆம் ஆண்டில் வாங்கிய வண்டி அது. அன்றுமுதல் ஊற்றிய பெட்ரோல், ஓடிய தொலைவு, மாற்றிய பாகம் யாவற்றையும் நீள்வடிவ நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதிவந்திருக்கிறார், நில அளவையாளருக்கே உரிய பொடி எழுத்தில். பதிவெண் பலகையில் இன்றும் உ.பி.07. உத்தரப் பிரதேசத்திலிருந்து பிரிந்து, 2000இல் உத்தராஞ்சலாகி, 2007இல் உத்தராகண்டாகப் பெயர் மாறிய ஒரு மாநிலத்தின் வரலாற்றை, அந்தப் பலகை மட்டும் கண்டுகொள்ளாமல் இருக்கிறது.

இன்ஜின் தேடுவோர் போகுமிடம் தில்லியின் மாயாபுரி. அங்கே இன்ஜின்கள் மலிந்து கிடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. ஓட அனுமதியற்ற வண்டியின் இன்ஜின் அந்த நகரிலேயே விலைக்குக் கிடைக்கிறது. இருநூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் சட்டப்படி ஓடுகிறது. காற்றின் கணக்கில் இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள்தாம் சொல்ல வேண்டும்.

மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு இரவுப் பேருந்தில் போனார். தந்தையின் காலத்திலிருந்தே வண்டியைப் பார்ப்பவர். அவர் இவரைப் 'பேட்டி' என்பார், இவர் அவரைச் 'சாச்சா' என்பார். சந்துகளில் இருபுறமும் மனித உயரத்துக்கு இன்ஜின்கள் அடுக்கியிருந்தன. தரையெங்கும் கறுத்த எண்ணெய். முதல் கடைக்காரர் இவர்கள் வண்டியின் பெயரைச் சொல்லி முடிக்குமுன் ஓர் இன்ஜினைக் காலால் தட்டி, "லக் ஜாயேகா, மேடம்ஜி" என்றார்.

பொருந்திவிடும் என்று பொருள். மாயாபுரியில் பொருந்தாத பொருளென எதுவும் இல்லை; கேட்ட எல்லாவற்றுக்கும் விடை அதுவே. 'லக்னா' என்ற இந்தி வினைக்கு ஒட்டிக்கொள்ளுதல் என்றும் பொருள், தோன்றுதல் என்றும் பொருள். கடைக்காரர் முதல் பொருளில் சொல்வதை வாங்குபவர் இரண்டாம் பொருளில் எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

முதல் இன்ஜின் ஓம்னியுடையது. அதுவும் 800இல் உள்ள அதே எஃப்8பி இனம்தான்: மூன்று சிலிண்டர், 796 சிசி. ஆனால் ஓம்னியில் அது முன்னிருக்கைகளுக்கு அடியில் நீளவாக்கில் கிடந்து பின்சக்கரங்களைச் சுழற்றுகிறது. 800இல் முகப்பில் குறுக்குவாக்கில் அமர்ந்து முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஆகவே கியர்பெட்டி சேரும் விதமும் தாங்கிகளின் இடமும் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியும் வேறு. சாச்சா தலையை மட்டும் அசைத்தார்.

இரண்டாவது, ஆல்டோவின் எஃப்8டி. சிலிண்டரின் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் ஓடும் நீளம் 72 மி.மீ., இரண்டுக்கும் ஒன்றே. அளவுநாடா வைத்துப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். ஹெட்டில் ஆறு வால்வுகளுக்குப் பதில் பன்னிரண்டு. அதை இயக்கக் கணினியும் அதற்கான வயர்த் தொகுதியும் வேண்டும்.

800இலேயே தேடினாலும் சிக்கல் தீர்வதில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டி, மாசு விதிகள் இறுகியபோது, கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது. 1999ஆம் ஆண்டு வண்டியில் பெட்ரோலை இழுப்பது இன்ஜினோடு சேர்ந்த சிறு பம்ப். பிந்தையதில் தொட்டிக்குள் மின்பம்ப். மாயாபுரிக்கு வருபவை பெரும்பாலும் பிந்தையவையே. சாச்சாவிடம் இதற்கு ஒரு வழி இருந்தது: பிளாக்கும் பிஸ்டனும் கிராங்கும் மட்டும் புதியதிலிருந்து, ஹெட்டும் கார்புரேட்டரும் பழையதிலிருந்து. சந்தையில் இதற்கு 'ஹாஃப் இன்ஜின்' என்று பெயர்.

நான்காவது கடையில், தார்ப்பாய்க்கு அடியில், கார்புரேட்டர் இன்ஜினே கிடைத்தது. முழுமையாக, அப்படியே தூக்கி வைக்கலாம். விலை ஏழாயிரம். சாச்சா எண்ணெய் மூடியைத் திறந்து உட்புறம் பார்த்தார்; தண்ணீர் கலந்தால் படியும் வெண்ணுரை இல்லை. கிராங்கை ஸ்பானரால் சுழற்றினார். எங்கும் தட்டாமல் சுழன்றது. அவர் முகம் மலர்ந்ததைக் கண்டு, கடைக்காரர் ஐந்நூறு குறைக்கவும் ஒப்பினார்.

இன்ஜின் எண் எங்கே என்று கேட்டது இவர்தான். பிளாக்கில் எண் பொறிக்கும் இடம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. கிரைண்டர் ஓடிய தடம்.

"துருவைச் சீவினோம், மேடம்ஜி. வேண்டிய எண்ணைப் போட்டுத் தருகிறேன். உங்கள் பழைய எண்ணையே போடலாமே, ஆர்டிஓ ஆபீஸுக்கு அலையவும் வேண்டாம்."

இன்ஜினை மாற்றினால் பதிவு அதிகாரியிடம் தெரிவித்துச் சான்றில் திருத்த வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கடைக்காரர் தர முன்வந்தது அந்த அலைச்சலிலிருந்து விடுதலை. சாச்சா எதுவும் பேசவில்லை. பேசாமலிருந்தது சம்மதமா என்று இவருக்கு விளங்கவில்லை. திருட்டு வண்டியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாரும் பார்க்கப்போவதில்லை, தந்தையின் நோட்டைத் தவிர.

இதே மாயாபுரியில் 2010 ஏப்ரலில், ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் பழைய இரும்பென்று ஏலம்விட்ட கதிர்வீச்சுக் கருவியைப் பிரித்தபோது, உள்ளிருந்த கோபால்ட்-60 தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். வேறு சிலரும் பாதிக்கப்பட்டனர். கற்றறிந்தோர் நிறைந்த துறையொன்று ஒரு பொருளின் கதையைச் சொல்லாமல் கைகழுவியதன் விலை அது. பெயரற்ற இரும்பைக் குறைசொல்ல, கல்விப்புலத்தாருக்கு அவ்வளவாக உரிமை இல்லை.

இவர் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு நடந்தார். சாச்சா பத்தடி பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மாலையில், விளக்கேற்றும் நேரத்தில், 2005ஆம் ஆண்டு எம்பிஎஃப்ஐ இன்ஜின் ஒன்று கிடைத்தது. எண் தெளிவாக இருந்தது. ரத்துசெய்யப்பட்ட பதிவுச் சான்றின் நகலைக் கடைக்காரர் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். கம்ப்ரஷன் மானியில் மூன்று சிலிண்டருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. ஹெட்டை அவரே வைத்துக்கொள்வதாகப் பேசி, ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. ரசீதில் எண்ணை எழுதச் சொல்லி, இவரே ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார்.

பொருத்துவதற்கு ஆறு நாள் ஆயிற்று. இடையில் ஒரு கேஸ்கெட் சேராமல் ஒருநாள் வீணானது. ஆர்டிஓ அலுவலகத்துக்கு நான்கு நடை. மூன்றாம் நடையில் ஒரு தரகர், எண்ணை முன்பே மாற்றிப் பொறித்திருக்கலாமே என்று உண்மையான பரிவோடு கேட்டார்.

திருத்திய சான்றைக் கண்டதும் தந்தை நோட்டைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் 1999ஆம் ஆண்டின் இன்ஜின் எண் நீல மையில் இருந்தது. அதை அடிக்காமல், கீழே புதிய எண்ணை நடுங்கும் கையால் எழுதினார். ஓர் இலக்கம் கோணலாகிவிட, அழித்து மறுபடியும் எழுதினார். பிறகு, ஓடுமானி இப்போது எவ்வளவு காட்டுகிறது, போய்ப் பார்த்து வா என்றார்.