இருபது புள்ளி

சீட்டாட்டம் பற்றித் தமிழாசிரியர்கள் எழுதலாமா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. தாம்பரத்திலும் சேலையூரிலும் குடியிருக்கும் நாங்கள் ஐவர், அனைவரும் கல்லூரி ஆசிரியர்கள், பல ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் ரம்மி ஆடி வருகிறோம். புள்ளிக்குப் பத்துப் பைசா. அந்தச் சிறு ஆட்டத்தில் நாங்கள் கண்டது இது: மோசமான கை எவரையும் கெடுப்பதில்லை, அரைகுறையான கைதான் கெடுக்கிறது.

பதின்மூன்று சீட்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வந்தால் எவரும் தயங்காமல் விலகிவிடுவார். ஸ்கூட் என்போம். சீட்டு எடுக்குமுன் விலகினால் 20 புள்ளி, எடுத்தபின் விலகினால் 40, கடைசிவரை இருந்து மாட்டிக்கொண்டால் அதிகபட்சம் 80. நான்கு முறை விலகிய இழப்பும் ஒருமுறை முழுக் கையோடு சிக்கிய இழப்பும் சமம். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஆயினும் ஆட்டினில் ஐந்தும் ஏழும் வந்துவிட்டால் கை கீழே இறங்குவதில்லை. நடுவில் வேண்டிய ஆறு, இரண்டு கட்டிலும் சேர்த்து இரண்டே சீட்டு. ஐந்தும் ஆறும் இருந்தாலோ நான்கு, ஏழு இரண்டுமே உதவும். அவை நான்கு சீட்டு. இரு நிலைகளையும் நாம் 'ஒன்றுதான் குறை' என்றே சொல்லிக்கொள்கிறோம். குறைவதை எண்ணும் மனம், வரக்கூடியதை எண்ண மறுக்கிறது.

காத்திருந்த சீட்டு வந்தும் பயனற்றுப் போவது இதனினும் கொடியது. மூன்று ராஜாக்கள் சேர்ந்துவிடுவார்கள். ஜோக்கர் கலவாத ஒரிஜினல் ரம்மி ஒன்று கையில் இல்லையெனில், எதிராளி ஆட்டத்தை முடிக்கையில் அந்த மூவரும் 30 புள்ளிச் சுமையாகவே எண்ணப்படுவார்கள்.

மேலைநாட்டார் ஆடும் லிமிட் ஹோல்டெம் போக்கரிலும் இதே சிக்கல் உண்டு. ஆடுபவருக்குத் தனியே இரண்டு சீட்டு, மேசையில் பொதுவாக ஐந்து. ஒவ்வொரு சுற்றிலும் கட்டவேண்டிய தொகை முன்பே வரையறுக்கப்பட்டது. முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விரிந்ததும் அவர் காணாதவை 47. நடுச்சீட்டு ஒன்றுக்காகக் காத்திருப்பவருக்கு உதவுபவை அவற்றுள் 4. அடுத்த சீட்டிலேயே அது வருவது ஏறக்குறையப் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆகவே மேசையில் சேர்ந்ததும் இனிச் சேரக்கூடியதுமான பணம், கட்டும் தொகையைப்போல் பதினொரு மடங்கேனும் இருந்தாலன்றித் தொடர்வது நட்டமே. ஆனால் கேட்கப்படும் தொகை சிறிது. சிறிது என்பதாலேயே ஒவ்வொரு முறையும் கொடுக்கத் தோன்றுகிறது.

ரம்மி பெரிதும் திறன் சார்ந்த ஆட்டம் என்று 1967இல் உச்சநீதிமன்றம், ஆந்திர அரசு எதிர் சத்யநாராயணா வழக்கில் கூறியது. விழுந்த சீட்டுகளை நினைவில் கொள்வதும், எதை வைத்துக்கொள்வது எதை எறிவது என அறிவதும் திறன் என்பது அதன் வாதம். 2023இல் சென்னை உயர்நீதிமன்றமும், தமிழக அரசின் 2022ஆம் ஆண்டு இணைய விளையாட்டுச் சட்டத்தின் தடை ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்றது. பின்னர் 2025இல் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை முற்றாகத் தடை செய்தது. திறன் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. சீட்டை எறியும் திறனோடு, கையையே எறியும் திறனும் வேண்டும் என்கிறோம். அது எளிதில் வாய்ப்பதில்லை.

எங்களோடு ஆடிய நண்பர் ஒருவர் 2021 வாக்கில் கைப்பேசி ரம்மிக்கு மாறினார். ஊரப்பாக்கத்தில் வீடு கட்ட வாங்கியிருந்த மனையை அவர் விற்ற பிறகே எங்களுக்குச் செய்தி தெரிந்தது. அவர் காட்டிய கணக்கில் எந்த ஓர் ஆட்டத்திலும் பெருந்தொகை போகவில்லை. எல்லாம் சில்லறை, ஆயிரக்கணக்கான வரிகள். "மோசமான கைய நான் ஆடினதே இல்ல சார். ஒரு சீட்டுதான் குறையுதுன்னா எப்படி விடறது?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

திருக்குறளின் 94ஆம் அதிகாரமான 'சூது', தோல்வியை விட்டுவிட்டு வெற்றியைக் குறித்த எச்சரிக்கையோடு தொடங்குவதன் பொருள் அன்று எங்களுக்கு வேறுவிதமாக விளங்கியது. வராத சீட்டு ஒருவனைத் திருத்தியிருக்கும். எப்போதோ ஒருமுறை வந்த ஆட்டின் ஆறுதான் அவனை அடுத்த நூறு ஆட்டங்களுக்கும் உட்காரவைக்கிறது.

எங்கள் வட்டத்தில் ஒரு விதி உண்டு. விலகியவர் எழுந்து போய் எல்லோருக்கும் காப்பி கலக்கலாம், பேசலாம், பாட்டுக் கேட்கலாம். அடுத்து என்ன வந்திருக்கும் என்று கட்டைப் புரட்டிப் பார்க்க மட்டும் அனுமதியில்லை. பார்த்தவர் அடுத்த ஆட்டத்தில் விலகமாட்டார்.