ஈருயிரும் ஒரு மூச்சும்

கருவுற்ற பெண்ணை ஈருயிர்க்காரி என்பது தமிழ் வழக்கு. உயிர் இரண்டாயினும் மூச்சு ஒன்றே. கருவின் சுவாசப்பைகள் தொழிற்படுவதில்லை. தாயின் குருதியிலிருந்தே சூல்வித்தகத்தினூடாக அது ஒட்சிசனைப் பெறுகின்றது. வளரும் கருப்பையோ தாயின் பிரிமென்றகட்டை மேலே தள்ளுகின்றது. அவளது ஒட்சிசன் தேவையும் பெருகுகின்றது. இந்நிலையிற் கடுஞ்சுவாசநோய் தாக்கின், செயற்கைச் சுவாசப்பொறியும் சிலருக்குப் போதாது.

அத்தகையோரின் குருதியை நாளத்திலிருந்து வெளியே எடுத்து, காபனீரொட்சைட்டை நீக்கி, ஒட்சிசன் ஏற்றி, மீண்டும் உடலுட் செலுத்துவது மென்சவ்வுச் சுவாசக் கருவி. 2009 ஆம் ஆண்டில் எச்1என்1 இன்புளுவென்சா பரவியபோது, அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கருவுற்றோரும் அண்மையில் மகப்பேறு கண்டோருமாக 12 பெண்கள் இக்கருவியின் துணை பெற்றனர். எண்மர் பிழைத்தனர்.

கருவியிற் குருதி உறையாதிருக்க ஹெப்பரின் வேண்டும். மகப்பேற்றின்போதோ குருதி உறைந்தாக வேண்டும். இம்முரணே மருத்துவருக்குப் பெருஞ்சோதனை. குழந்தையை முன்னதாக வெளியே எடுத்தல் தாயின் சுவாசத்தை எப்போதும் சீராக்குவதில்லை. குறைமாதக் குழந்தைக்கும் அது இடரே. தாயின் குருதியில் ஒட்சிசன் நிலைபெறின், கரு கருப்பையிலேயே தொடர்ந்து வளரலாம்.

கருவுக்குத் தாய் செய்வதையே தாய்க்குப் பொறி செய்கின்றது. தாயா, சேயா என்னும் பழைய வினா இங்கு பெரிதும் பொருந்தாது. தாயைக் காத்தலே சேயைக் காக்கும் முதல்வழி.