கரியாலூரில் துடுப்புப் பிடித்த நாள்

அறுபத்தெட்டு வயதில் ஒருவன் முதன்முறையாகப் படகேறினான் என்றால், அதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் அதுவரை நான் படகேறாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை என் பிள்ளைகளிடம்கூட நான் வாய்திறந்து சொன்னதில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது என் தம்பி எங்கள் கவலைக் கிணற்றில் மூழ்கி இறந்தான். அக்காலத்தில் கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சிறுவர்கள் கிணற்றில்தான் நீச்சல் பழகினர். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, மாமனோ சித்தப்பனோ படியிலிருந்து தள்ளிவிடுவார்கள்; நாலைந்து நாளில் பையன் மீனாகிவிடுவான். அன்று பெரியவர்கள் எவரும் உடன் இல்லை. தம்பிக்குக் குடுக்கை கட்டியவன் நான். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் இயலாது.

அம்மா என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்று மட்டும் சொன்னார்கள். அந்தக் கட்டளையை நான் வாழ்நாளெல்லாம் காத்தேன். ஆசிரியப் பணியில் இருந்தபோது மாணவர்களைக் கோமுகி அணைக்கு அழைத்துச் செல்வதுண்டு. கரையின்மேல் வரிசையாக நிறுத்தி, "அணையின் உயரம் 46 அடி, எழுதிக்கொள்ளுங்கள்" என்று பாடம் நடத்தித் திரும்ப அழைத்து வந்துவிடுவேன். ஒருவனையும் கால் நனைக்க விட்டதில்லை. என் ஒரே மகளுக்கு நீந்தத் தெரியாது. நான் விடவில்லை.

மகள் இப்போது குடும்பத்தோடு கனடா நாட்டில் இருக்கிறாள். சென்ற ஆண்டு கோடையில் பேத்தியின் படம் ஒன்று கைப்பேசியில் வந்தது. வடக்கே ஓர் அமைதியான சிற்றூரில், தோழியரோடு ஏரி நடுவே, 'கனூ' என்னும் ஒடுங்கிய படகில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இரு முனையும் கூம்பிய படகு அது. அந்நாட்டுப் பழங்குடி மக்கள் முற்காலத்தில் பூர்ச்ச மரப்பட்டையால் அதைச் செய்தார்கள். 1673-ல் சேசுசபைக் குருவாகிய மார்க்கெத், ஜோலியே என்பவரோடும் வேறு ஐவரோடும் மிசிசிப்பி ஆற்றைத் தேடிச் சென்றது இத்தகைய படகுகள் இரண்டில்தான். வகுப்பில் இதைச் சுவையோடு சொன்னவன்தான் நான். ஆனால் ஏறியிருப்பது பேத்தி என்றதும் சரித்திரமெல்லாம் மறந்துபோயிற்று. தொலைபேசியில் மகளை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்பா, சித்தப்பாவைப் பற்றி ஆயா எனக்கு எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். குடுக்கை கட்டியது நீங்கள் என்பதும் எனக்குத் தெரியும். முடிச்சு அவிழவில்லையாம், அப்பா. குடுக்கை விரிசல்விட்டுத் தண்ணீர் ஏறிவிட்டதாம். உங்கள் பயத்தோடு நான் வளர்ந்தேன். இவளும் அதோடு வளர வேண்டுமா?"

அம்மா மறைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. அவர்கள் கண்டதைச் சொன்னார்களா, பேத்தியின் மனத்தில் தகப்பன் தாழ்ந்துவிடக் கூடாதே என்று சொன்னார்களா? கேட்க ஆளில்லை.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். ஓய்வுபெற்ற கம்பவுண்டர், ஞாயிறு பூசை முடிந்தால் வேப்பமரத்தடியில் எங்களோடு உட்காருபவர். அவர் ஆறுதல் ஏதும் கூறவில்லை. "வாத்தியாரே, அடுத்த வாரம் கரியாலூர் போகிறோம்" என்றார். தை மாதம்; மழை ஓய்ந்து நீர்நிலைகள் நிறைந்திருந்தன. நால்வராகப் புறப்பட்டோம். கச்சிராயபாளையத்தில் இட்லி தின்று, கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறினோம். 1976 வரை ஜாகீர்களாக இருந்த மலை இது. எங்களுள் அரிசி மண்டிக்காரர் வழியெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஒன்றையும் கேட்கவில்லை.

கரியாலூர்ப் படகுத்துறையைப் பெரிய ஏரி என்று எண்ணிவிட வேண்டாம். மலைக்கு நடுவே சிறிய நீர்ப்பரப்பு, அவ்வளவுதான். எனக்கு அது கடலாகத் தெரிந்தது. மற்ற இருவரும் மிதிபடகில் ஏறிக்கொண்டனர். கம்பவுண்டரும் நானும் துடுப்புப் படகில் அமர்ந்தோம். மிதவைச் சட்டை தந்தார்கள். என்னுடையதை மாட்டிக்கொண்டபின், நண்பருடைய வாரை இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். மூன்றாம் முறை கை நீட்டியபோது, "என்ன வாத்தியாரே, பரீட்சையா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அசையாமல் நின்று கொடுத்தார்.

நடுவே போனதும், படகோட்டி இளைஞர், "நீங்க வலிச்சுப் பாருங்க ஐயா" என்று துடுப்புகளை என்னிடம் தந்துவிட்டார். துடுப்பு வலிப்பவன் போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர வேண்டும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. என் பேத்தியோ ஒற்றைத் துடுப்பால், முன்னே பார்த்தபடி தள்ளுகிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் விட்டுவந்த கரை மட்டுமே. இடக்கைத் துடுப்பை மட்டும் வலித்தால் படகின் முனை வலக்கைப் பக்கம் திரும்புகிறது. வலக்கையை வலித்தால் இடப்பக்கம். எனக்கு வலக்கை வலுவுள்ளது. ஆகவே படகு நின்ற இடத்திலேயே வட்டமிட்டது. மிதிபடகுக்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

துடுப்பை எடுக்கும்போதெல்லாம் அலகிலிருந்து நீர் சொட்டியது. பாசி மணம் வந்தது. கிணற்றின் மணம் அதுவேதான். கைகள் நின்றுவிட்டன. நண்பர் பேசவில்லை, இளைஞரும் துடுப்பைத் திரும்ப வாங்கவில்லை. சற்று நேரம் படகு தானாக மிதந்தது. பிறகு மெல்ல, இரு கையையும் ஒரே அளவாக வலித்தேன். ஒருவாறு நேராகச் சென்றது.

இரவு மகளிடம் பேசினேன். உள்ளங்கையில் கொப்புளம் கண்டிருப்பதைச் சொன்னேன். நெடுநேரம் சிரித்தாள்; சிரிப்பு நடுவே மூக்கை உறிஞ்சும் ஓசையும் கேட்டது. பின்பு, பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் தானும் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னாள்.

அங்கே முதுகில் என்ன கட்டுவார்கள் என்று கேட்டேன். நுரைப்பலகை ஒன்றைக் கையில் தருவார்களாம். கட்டுவதற்கு ஒன்றும் இல்லையாம்.