காபிச் செடிக்குள் ஒரு கிண்ணம்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. கீழே புளியமரத்தில் பார்த்த கொண்டைக்குருவிக்குத் தலை கறுப்பு, வாலடி சிவப்பு. மேலே வந்ததும் அதன் பங்காளி ஒன்று கண்ணில் படும். அதுதான் செம்மீசைச் சின்னான். நெட்டுக்குத்தாக நிற்கும் கருங்கொண்டை, வெள்ளைக் கன்னம், கண்ணுக்குப் பின்னால் குங்குமம் வைத்தாற்போல ஒரு சிவப்பு. குஞ்சுகளுக்கு அந்தச் சிவப்பு இருக்காது.

சில்வர் ஓக் நிழலில் காபியும், மரத்தில் மிளகும் ஏறிக் கிடக்கும் தோட்டங்களில் நடந்தால், இதன் குரல் கேட்காமல் பத்தடி போக முடியாது. வேலியோர உண்ணிச்செடியில் கருநீலப் பழம் கனிந்துவிட்டால் ஜோடி ஜோடியாக வந்து இறங்கிவிடும். வம்பும் அங்கேதான். பழத்தைத் தின்று கம்பியிலோ கிளையிலோ உட்கார்ந்து எச்சமிடும். விதை அப்படியே விழும். மொரீசியஸ் தீவில் 1892-ல் கொண்டுபோய் விடப்பட்ட இதே குருவி, அங்கே களைச்செடிகளைப் பரப்பும் தலைவலியாகிவிட்டது. மழை முடிந்ததும் வேலிக் கம்பிக்கும் ஒற்றை மரங்களுக்கும் கீழே பாருங்கள். உண்ணி நாற்று விரல் நீளத்தில் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடலாம். புதராகிவிட்டால் மண்வெட்டிக்கே மல்லுக்கட்டு.

"கொய்யாவைக் கொத்துகிறது, விரட்ட வழி உண்டா?" என்று மலையடிவார வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முற்றிய காய்களுக்குத் துணிப்பை கட்டுங்கள். வலை போட்டால் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொங்கும் வலையில் குருவி சிக்கிச் சாகும். பிடித்துக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதோடு, பழந்தின்னி என்று பெயர் எடுத்தாலும் குஞ்சுக்கு இது ஊட்டுவதில் புழு பூச்சிகளும் உண்டு. அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் கொய்யா நஷ்டத்தைப் பார்க்க வேண்டும்.

காபி விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அறுவடை முடிந்து கவாத்துக் கத்தி எடுக்கிற மாதங்களில்தான் இது கூடு கட்டுவதும். புல்லும் சிறு வேரும் வைத்துப் பின்னிய கிண்ணம், பெரும்பாலும் இடுப்பு, நெஞ்சு உயரத்தில், செடிக்குள்ளேயே இருக்கும். இரண்டு மூன்று முட்டை. பொரிக்கச் சுமார் 12 நாள், குஞ்சு பறக்க ஏறக்குறைய இன்னொரு 12 நாள். கவாத்து ஆட்களிடம் கிளையை விலக்கிப் பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். கூடு இருந்தால் செடியில் ஒரு துணியைக் கட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போகட்டும். ஒரு மாதம் கழித்து வந்து அதைக் கவாத்து செய்துகொள்ளலாம்.