ஐந்தாவது வயர்

ஸ்பிதியில் எங்கள் கள ஆய்வு ஜீப்பின் பேட்டரி நேர்முனையில் ஐந்து வயர்கள் கொத்தாகத் தொங்கின. ஒவ்வொன்றும் முன்பிருந்த ஆய்வாளர் எவரோ அவசரத்துக்கு இழுத்தது. மூடுபனி விளக்கின் வயரைப் பிரித்தபோது, ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் செம்பிழை ஒன்று முறுக்கப்பட்டிருந்தது. அருகே காப்புறை உருகிக் கறுத்திருந்தது. அவ்வண்டிக்குள்தான் இரு பருவங்கள் உறங்கியிருக்கிறேன்.

55 வாட் விளக்குகள் இரண்டு, 12 வோல்ட்டில், ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அது காப்பது விளக்கையன்று, வயரை. ஆகவே பேட்டரிக்கு அருகிலேயே அமையவேண்டும். புதிய ஃபியூஸ் பெட்டி, ரிலே, பெயர்ச்சீட்டுகள் என ஒரு பகல் கழிந்தது. ஐந்தாவது வயர் எதையும் சென்றடையவில்லை. ஆயினும் அதில் மின்சாரம் இருந்தது.

பனிச்சிறுத்தையின் எச்சத்தைக்கூடத் தேதியிட்டுப் பதிந்த எங்கள் குறிப்பேடுகளில் இவ்வயர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. புதிய குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் இணைப்பு வரைபடத்தை ஒட்டிவிட்டேன்.